ஒப்பீட்டு வறுமை என்பது வயிற்றெரிச்சலா? வியாசர்பாடியிலிருந்து ஒரு கேள்வி

வியாசை_தம்பி:

எல்லோருக்கும் வணக்கம். குரூப் 2 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். பொருளியலில் வறுமை என்ற பகுதியில் முழு வறுமை, ஒப்பீட்டு வறுமை என்று இரண்டு வருகிறது. சோறு, துணி, தங்க இடம் கிடைக்காத நிலை முழு வறுமை. மற்றவர்களோடு ஒப்பிட்டால் கீழே இருப்பது ஒப்பீட்டு வறுமை. மொத்தமே இரண்டு வரிதான், மனப்பாடம் செய்துவிடலாம். எனக்குப் பிரச்சினை அதில் இல்லை.

எங்களோடு சேர்ந்து படிக்கிற அண்ணன் ஒருவர், எங்களுக்கெல்லாம் கணக்குச் சொல்லித் தருபவர், போன வாரம் ஒரு பேச்சு சொன்னார். "முழு வறுமைதான் நிஜமான வறுமை. ஒப்பீட்டு வறுமை என்பது அடுத்தவனைப் பார்த்து வருகிற வயிற்றெரிச்சல். அதையும் வறுமை என்று சொன்னால் பசியில் கிடப்பவனை அவமானப்படுத்துகிற மாதிரி" என்றார். அந்த நேரத்தில் நியாயமாகத்தான் பட்டது. ஆனால் வீட்டுக்கு வந்து படுத்த பிறகு தூக்கம் வரவில்லை.

எங்கள் வீட்டுக் கணக்கைச் சொல்கிறேன். நாங்கள் ஐந்து பேர். அப்பாவுக்கு சவுக்கார்பேட்டை குடோன்களில் லோடு ஏற்றி இறக்கும் வேலை, வாரத்தில் நாலு நாள் கிடைத்தால் பெரிது. அம்மா கீழ்ப்பாக்கத்தில் இரண்டு வீடுகளில் வேலை செய்கிறார். ஆயா வீட்டோடு இருக்கிறார், தங்கச்சி பிளஸ் ஒன். உரிமைத்தொகை ஆயிரத்தையும் சேர்த்து மாதம் 18,000 ரூபாய் வந்தால் அது நல்ல மாதம். வாடகை 5,500. ஒரே ரூம், வராண்டாவைத் தடுத்துச் சமையல், பாத்ரூம் நாலு குடித்தனத்துக்கும் பொது. ஆனால் நாங்கள் பட்டினி கிடந்ததில்லை. ரேஷன் அரிசி வருகிறது, அம்மாவுக்கு வெள்ளை போர்டு பஸ்ஸில் டிக்கெட் இல்லை, மிக்சியும் கிரைண்டரும் அரசு கொடுத்தது. "நாம ஏழையாம்மா?" என்று கேட்டால் அம்மாவுக்குக் கோபம் வந்துவிடும். "மூணு வேள சோறு துன்றோம், யார்கிட்டயும் கை நீட்டல, இன்னாத்துக்கு இந்தப் பேச்சு?" என்பார்.

இதில் ஒரு விஷயம்தான் என்னை உறுத்துகிறது. போன மாதம் தங்கச்சி பள்ளியில் ஒரு நாள் டூர் போனார்கள், 900 ரூபாய். அவள் காய்ச்சல் என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிட்டாள். எங்களிடமும் காய்ச்சல் என்றுதான் சொன்னாள். காசு வேண்டும் என்று கேட்கவே இல்லை. அவள் தோழியின் அம்மா கடைத்தெருவில் எங்கள் அம்மாவைப் பார்த்துக் கேட்டபோதுதான் விஷயமே தெரிந்தது. இது எந்தக் கணக்கில் சேரும்? வறுமையா, வயிற்றெரிச்சலா? புத்தகத்தில் இருக்கிற கோடுகளில் நாங்கள் எதற்கு மேலே, எதற்குக் கீழே என்று தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.


பெரம்பூர்_பொருளியல்:

தம்பி, கல்லூரியில் இதைப் பல வருடம் பாடம் எடுத்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முழு வறுமை எப்படி அளக்கப்படுகிறது? ஒரு மனிதன் உயிரோடும் உடல் தெம்போடும் இருக்கத் தேவையான பொருள்களுக்கு ஒரு பட்டியல் போடுவார்கள். அதற்கு விலை கட்டுவார்கள். அந்தத் தொகையைச் செலவழிக்க முடியாதவர் ஏழை. பக்கத்து வீட்டுக்காரர் கார் வாங்கினாலும் கஞ்சி குடித்தாலும் அந்தக் கோடு அசையாது. ஒப்பீட்டு வறுமையில் கோடு அந்தச் சமூகத்தின் நடுவிலிருந்து வருகிறது. நூறு வீடுகளை வருமான வரிசையில் நிறுத்தினால் நடுவில் ஒரு வீடு நிற்கும் இல்லையா, அந்த வீட்டு வருமானத்தில் 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் ஐரோப்பிய ஒன்றியக் கணக்கில் வறுமை அபாயத்தில் இருப்பவர். ஓஇசிடி என்கிற, பெரும்பாலும் பணக்கார நாடுகள் சேர்ந்த அமைப்பின் கணக்கில் 50 சதவீதம். இந்த நடு வருமானம் வேறு, சராசரி வேறு. சவுக்கார்பேட்டை மொத்த வியாபாரி ஒருவர் உங்கள் தெருவுக்குக் குடிவந்தால் தெருவின் சராசரி எகிறிவிடும், நடு வீடு கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே இருக்கும். அதனால்தான் நடுவை எடுக்கிறார்கள்.

நம் நாட்டில் முதலில் கோடு போட்டுப் பார்த்தவர் தாதாபாய் நவ்ரோஜி. வெளிநாட்டுக்குக் கப்பலேற்றப்படும் கூலிகளுக்கு மருத்துவ அதிகாரி விதித்த சாப்பாட்டு அளவு, சிறையில் ஒரு கைதிக்கு ஆகும் செலவு, இவற்றை வைத்து ஒரு ஆளுக்கு வருடத்துக்கு 16 முதல் 35 ரூபாய் வேண்டும் என்று 1867-68 விலையில் கணக்குப் போட்டார். நம் துறைமுகத்திலிருந்தும் மொரிசியசுக்கும் நேட்டாலுக்கும் கப்பல் கப்பலாக ஆள் போன காலம் அது. கைதிக்குக் கிடைக்கிற அளவு சோறுகூட உழைக்கிறவனுக்குக் கிடைக்கவில்லை என்று பிரிட்டிஷாருக்குக் காட்டத்தான் அந்தக் கணக்கு.

அப்புறம் 1979-இல் திட்டக் குழுவின் பணிக்குழு கிராமத்தில் ஒரு ஆளுக்கு நாளைக்கு 2,400 கலோரி, நகரத்தில் 2,100 கலோரி என்று வைத்தது. பிறகு வறுமைக் கோட்டைத் திருத்திப் போட அமைத்த டெண்டுல்கர் குழு. அதன் கணக்கை வைத்து 2011-இல் திட்டக் குழு உச்ச நீதிமன்றத்தில் நகரத்தில் ஒரு நாளைக்கு 32 ரூபாய் என்று பிரமாணப் பத்திரம் போட்டபோது நாடே கொதித்தது, உங்களுக்கு அப்போது சின்ன வயதாக இருந்திருக்கும். 2014-இல் ரங்கராஜன் குழு அதைத் திருத்தி நகரத்துக்கு மாதம் 1,407 ரூபாய் என்றது, நாளைக்கு 47 ரூபாய்.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருவோம். 18,000-ஐ ஐந்தால் வகுத்தால் ஆளுக்கு 3,600. ரங்கராஜன் கோடு 2011-12 விலையில் போட்டது. அன்றிலிருந்து விலைவாசி ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆகியிருக்கிறது, ஆக இன்றைக்கு 2,800 என்று வைத்துக்கொள்ளலாம். நீங்கள் அதற்கு மேலே. ஆனால் எவ்வளவு மேலே? அப்பாவுக்கு இரண்டு வாரம் முதுகு பிடித்துக்கொண்டால் கீழே போய்விடுகிற அளவுக்குத்தான்.

ஒப்பீட்டுக் கணக்கில் பார்த்தால், இந்தியாவில் அரசு அறிவித்த ஒப்பீட்டு வறுமைக் கோடு என்று எதுவும் கிடையாது. நாமாகத் தோராயமாகப் பார்க்கலாம். 2022-23 குடும்பச் செலவு ஆய்வில் தமிழ்நாட்டு நகரங்களில் ஒரு ஆளின் சராசரி மாதச் செலவு 7,630 ரூபாய். நீங்கள் அதில் பாதிகூட இல்லை. நடு அளவு சராசரியைவிடக் கொஞ்சம் கீழே இருக்கும் என்பதால், 60 சதவீதக் கோடு போட்டால் நீங்கள் கோட்டை ஒட்டியே வருவீர்கள். முழு வறுமைக்குச் சற்று மேலே, ஒப்பீட்டு வறுமையின் வாசலில். வட சென்னையில் லட்சக்கணக்கான வீடுகள் நிற்கிற இடம் அதுதான் என்பது என் எண்ணம்.

அந்த அண்ணன் சொன்னதற்கு ஒன்று மட்டும் இப்போது சொல்கிறேன். இங்கிலாந்தில் ரவுண்ட்ரீ என்பவர் 1899-இல் யார்க் நகரத்தில் வீடு வீடாக ஆய்வு செய்தார். உடம்பைக் காப்பாற்றத் தேவையானது மட்டும் என்று ஈவிரக்கமில்லாத கோடு போட்டார். பேப்பர் வாங்கக்கூடாது, வண்டியில் போகக்கூடாது, ஊருக்குக் கடிதம் போட அஞ்சல்தலை வாங்கக்கூடாது, அவ்வளவு இறுக்கம். அதே மனிதர் 1936-இல் அதே ஊரில் மறுபடியும் ஆய்வு செய்தபோது பேப்பர், ரேடியோ, பிள்ளைகளுக்குப் பரிசு இதையெல்லாம் தேவைகளில் சேர்த்துக்கொண்டார். அடிப்படைத் தேவை என்ற பட்டியலே காலத்தோடு நகர்கிறது. முழு வறுமைக் கோட்டுக்குள்ளேயே ஒப்பீடு உட்கார்ந்திருக்கிறது தம்பி.


காசிமேடு_அக்கா:

தம்பி, எனக்குப் பொருளாதாரம் எல்லாம் தெரியாது. வயிற்றெரிச்சல் என்று படித்ததும் மனசு கேட்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

எங்க வீட்டுக்காரர் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அரசு நிவாரணம் 8,000 ரூபாய் தருகிறது, இரண்டு மாதத்துக்கும் சேர்த்து. நம்ம ஊரில் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எல்லாம் எப்போது வருகிறது? சித்திரையிலும் வைகாசியிலும்தான். வீட்டில் ஒரு பைசா வருமானம் இல்லாத அந்த இரண்டு மாதத்தில் கதவு இடுக்கில் பத்திரிகை மேல பத்திரிகை.

முன்னாடி 101, 201 என்று மொய் எழுதினால் போதும். இப்போ 500-க்குக் கீழே கவரில் வைத்தால் எழுதுகிற ஆள் பேரைப் படிக்கும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறார். நமக்காக இரக்கப்பட்டுத்தான் தாழ்த்துகிறார், அதுதான் இன்னும் வலிக்கும். ஒரு வருஷம் எங்களுக்கு 11 பத்திரிகை வந்தது. நாலுக்குப் போனோம். மிச்சத்துக்கெல்லாம் "உடம்பு சரியில்லை", "பையனுக்குப் பரீட்சை". உன் தங்கச்சி சொன்ன அதே காய்ச்சல்தான் தம்பி. எங்க வீட்டில் அந்தக் காய்ச்சல் வருஷா வருஷம் வரும்.

போகாமல் விட்டதில் ஒன்று என் கொழுந்தனார் மகளுக்கு மஞ்சள் நீராட்டு. தாய்மாமன் சீர் அளவுக்கு எங்களிடம் யாரும் எதிர்பார்க்கவில்லை, ஒரு பட்டுப்பாவாடையும் தட்டு வரிசையும் வைத்திருந்தாலே போதும். வைக்க முடியவில்லை, வெறுங்கையோடு போக முகம் இல்லை. அதற்கப்புறம் அவர்கள் வீட்டில் பேச்சு குறைந்தது. ஆறு மாசம் கழித்து மாமியாரை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது ராத்திரி பன்னிரண்டு மணிக்கு 10,000 ரூபாய் தேவைப்பட்டது. முன்னாடியெல்லாம் ஒரு போன் போட்டால் கொழுந்தனார் கொண்டுவந்து கொடுப்பார். அன்றைக்குப் போன் போடவே இவருக்குக் கை வரவில்லை. வட்டிக்காரரிடம் பத்து வட்டிக்கு வாங்கினோம். அதை அடைக்கிறதுக்கு ஒன்றரை வருஷம் ஆச்சு, அந்த ஒன்றரை வருஷத்தில் பால் நிறுத்தினேன், பையனுக்கு முட்டை நிறுத்தினேன்.

மொய் எழுத முடியாதது ஒப்பீட்டு வறுமை என்றால், முட்டை நிறுத்தினது என்ன வறுமை? இரண்டையும் எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. அடுத்தவர் பட்டுப்புடவையைப் பார்த்து நான் ஏங்கினது இல்லை. நாலு பேர் கூடுகிற இடத்தில் நானும் ஒரு ஆளாக நிற்க வேண்டும், அவ்வளவுதான்.


பிராட்வே_நைட்ஷிப்ட்:

அக்கா எழுதினதைப் படித்துவிட்டு இதை எழுதக் கொஞ்சம் தயக்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். அந்தக் கணக்கு அண்ணன் சொன்ன "வயிற்றெரிச்சல்" தப்பு. ஆனால் அவர் பயப்படுகிற விஷயம் தப்பில்லை.

வாரத்தில் இரண்டு ராத்திரி நண்பர்களோடு சேர்ந்து பிராட்வே, என்எஸ்சி போஸ் ரோடு பக்கம் நடைபாதையில் இருக்கிற பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். அங்கே இருப்பது புத்தகத்தில் சொல்கிற முழு வறுமை, எந்த ஒப்பீடும் வேண்டாம். ஒரு அம்மா, பழக்கடையில் தூக்கிப் போடுகிற மரப்பெட்டியை உடைத்து அடுப்பு எரிக்கிறவர். மழை வந்தால் கட்டை நனைந்துவிடும், அன்றைக்கு அடுப்பு இல்லை. அடுப்பு இல்லாத ராத்திரி பிள்ளைகளுக்கு டீயும் பன்னும். அவருக்கு எதுவுமில்லை. குளிக்கக் காசு, கக்கூசுக்குக் காசு. நம் வீட்டில் குழாயைத் திறந்தால் வருகிற தண்ணீருக்கு அவர் குடம் கணக்கில் காசு கொடுக்கிறார். கையில் காசே இல்லாதவர்தான் எல்லாவற்றுக்கும் தினசரிக் காசு கொடுக்கிறார், இதைப் பார்த்துப் பார்த்து எனக்கு இன்னும் பழகவில்லை.

தமிழ்நாட்டில் பொது விநியோகம் எல்லோருக்கும் உண்டு, 2011-இலிருந்து அரிசி இலவசம், பெரிய விஷயம், பெருமையாகவே சொல்கிறேன். ஆனால் கார்டுக்கு முகவரி வேண்டும். நடைபாதைக்கு டோர் நம்பர் கிடையாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கு அப்புறம் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் ரேஷன் கடை வழியாகக் கொடுத்தார்கள். கார்டு இல்லாதவர்கள் தனியாக விண்ணப்பம் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த அம்மாவுக்காக நானே உட்கார்ந்து எழுதினேன், முகவரி என்ற கட்டத்துக்கு நேரே என்ன எழுதுவது என்று தெரியாமல் எதிரே இருந்த கடையின் பெயரை எழுதி "எதிர்ப்புறம்" என்று போட்டேன்.

என் பயம் இதுதான். ஒப்பீட்டு வறுமையை மட்டும் பிடித்துக்கொண்டால் இந்த மாதிரி ஆட்கள் கணக்கில் கரைந்துபோவார்கள். அந்த அளவுகோலில் இன்னொரு கோளாறும் உண்டு. பிரிட்டனில் 2010-11-இல் நடு வருமானமே சரிந்தது, கோடும் கூடவே இறங்கியது, அதனால் ஒப்பீட்டு வறுமை குறைந்ததாக எண்ணிக்கை வந்தது. யாருடைய வாழ்க்கையும் நன்றாக ஆகவில்லை, எல்லோரும் சேர்ந்து இறங்கினார்கள். ஊரடங்கு சமயத்தில் நம் தெருக்களில் எல்லோருக்கும் வருமானம் நின்றது. அப்போது நடுவை வைத்து அளந்திருந்தால் சமத்துவம் வந்துவிட்டது என்றுகூடச் சொல்லியிருக்கலாம்.


வியாசை_தம்பி:

ஐயா, அக்கா, அண்ணா, மூன்று பேருக்கும் நன்றி. அக்கா எழுதினதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை, "அந்த மொய் நோட்டு எங்க இருக்குதுன்னு பாரு" என்று மட்டும் சொன்னார். பரணில் இருந்து எடுத்துக் கொடுத்தேன்.

ஐயாவிடம் இன்னொரு சந்தேகம். உலக வங்கிக் கோடு இப்போது ஒரு நாளைக்கு 3 டாலர் என்று படித்தேன். 3 டாலர் என்றால் 250 ரூபாய்க்கு மேலே வருகிறதே. எங்கள் வீட்டில் ஒரு ஆளுக்கு நாளைக்கு 120 ரூபாய்தான். அப்படியானால் நாங்கள் உலக வங்கிக் கணக்கில் முழு ஏழைகளா?


பெரம்பூர்_பொருளியல்:

இல்லை தம்பி. இந்த இடத்தில் நிறையப் பேர் சறுக்குவார்கள், தேர்விலும் கேட்பார்கள். அது வங்கியில் மாற்றுகிற டாலர் இல்லை, வாங்கும் சக்தியைச் சமப்படுத்திய டாலர். அமெரிக்காவில் ஒரு டாலருக்குக் கிடைக்கிற பொருள் இங்கே ஏறத்தாழ 20 ரூபாய்க்குக் கிடைத்துவிடுகிறது என்பது 2021-க்கான கணக்கு. ஆக 3 டாலர் என்பது 2021 விலையில் 60 ரூபாய் சொச்சம். விலையேற்றத்தைச் சேர்த்தாலும் உங்கள் 120-க்கு ரொம்பக் கீழே.

அந்தக் கோடும் ஒரே இடத்தில் நின்றதில்லை. 1990-இல் ஒரு டாலர். 2008-இல் 1.25, 2015-இல் 1.90, 2022-இல் 2.15, 2025 ஜூனில் 3. இதில் விலை ஏற்றமும் இருக்கிறது. கடைசித் திருத்தத்தில் ஏழை நாடுகள் தங்கள் கோட்டைத் தாங்களே உயர்த்திக்கொண்டதும் சேர்ந்திருக்கிறது. 2022-23-க்கு இந்தியாவில் 2.15 டாலர் கோட்டின்படி 2.3 சதவீதம் பேர் கடும் வறுமையில் இருந்தார்கள், 3 டாலர் கோட்டின்படி அதே வருடத்துக்கு 5.3 சதவீதம். கோடு மாறியதில் கோடிக்கணக்கானவர்கள் மறுபடி ஏழையானார்கள், ஒருவர் தட்டிலும் ஒரு பருக்கைகூட மாறவில்லை. இன்னொரு பக்கம் நிதி ஆயோக்கின் பல்பரிமாண வறுமைக் குறியீட்டில் சத்துணவு, படிப்பு, சமையல் எரிபொருள், கழிப்பறை, வீடு, வங்கிக் கணக்கு என்று 12 விஷயங்களைப் பார்க்கிறார்கள், அதில் 2019-21-இல் தமிழ்நாடு 2.2 சதவீதம்தான். நாம் பெருமைப்பட வேண்டிய எண்தான் அது, 1920-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு போட்டதிலிருந்து இன்றைய காலை உணவு வரை எத்தனையோ பேர் செய்த வேலை அதற்குள் இருக்கிறது. ஆனால் பிராட்வே நண்பர் சொன்ன அந்த அம்மாவைத் தேடிக் கணக்கெடுப்பவர் எந்தக் கதவைத் தட்டுவார்? இந்த ஆய்வுகள் வீடு வீடாக எடுப்பவை. அவர் கவலை எனக்கு முழுச் சம்மதம்.

ஆனாலும் நண்பரே, ஒன்றைக் காக்க இன்னொன்றைத் தள்ளிவைக்க வேண்டியதில்லை. அமர்த்தியா சென் 1983-இல் இதற்கு ஒரு வழி சொன்னார். மனிதனால் என்ன செய்ய முடிகிறது, எப்படி இருக்க முடிகிறது என்ற இடத்தில் வறுமை முழுமையானது. அதைச் செய்ய எந்தப் பொருள் எவ்வளவு வேண்டும் என்ற இடத்தில் அது ஊருக்கு ஊர் மாறும். வெட்கப்படாமல் நாலு பேர் முன்னால் நிற்பது என்பது எங்கேயும் ஒரே தேவை. ஆடம் ஸ்மித் 1776-லேயே எழுதியிருக்கிறார்: அவர் காலத்துக் கூலிக்காரனுக்கு லினன் சட்டை இல்லாமல் வெளியே தலைகாட்ட முடியாது, பழைய கிரேக்கருக்கும் ரோமருக்கும் அது இல்லாமலே நன்றாக ஓடியது. அன்றைக்குச் சட்டை, காசிமேட்டில் 500 ரூபாய் மொய்.

நானே பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். 2020-இல் பள்ளிகள் மூடிய சமயம் எங்கள் வீட்டு மாடியில் பக்கத்துத் தெருப் பிள்ளைகள் வந்து உட்காருவார்கள், வைஃபைக்காக. ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகள், ஒரே போன், அதுவும் அப்பா வேலைக்கு எடுத்துப்போனது போக மிச்ச நேரத்துக்கு. பெரியவனுக்குப் பத்தாம் வகுப்பு என்பதால் போன் அவனுக்கு. நடுவில் இருந்த பெண் அவன் தோளுக்கு மேலே எட்டிப்பார்த்து அவன் பாடத்தையே கேட்டுக்கொண்டிருப்பாள், அவளுக்கு ஏழாம் வகுப்பு. கல்வித் தொலைக்காட்சி இருந்தது, பாடம் வந்தது, ஆனால் டீச்சர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய வீட்டுப்பாடம் அவளுக்கு வரவில்லை. 2010-இல் ஸ்மார்ட்போன் இல்லாதது வறுமையே இல்லை. 2020-இல் அது இல்லாத பிள்ளை பள்ளிக்கு வெளியே நின்றாள். படிப்பு என்ற தேவை கூடவில்லை குறையவில்லை, அதை அடைய வேண்டிய பொருள் மாறிவிட்டது. அந்தப் பெண்ணுக்கு வயிற்றெரிச்சல் என்று யார் சொல்வார்கள்?


தண்டையார்பேட்டை_இசேவை:

இ-சேவை மையத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவன். தம்பி எந்தக் கோட்டுக்கு மேலே எதற்குக் கீழே என்று கேட்டதால் எங்கள் கவுன்டரில் இருக்கிற கோடுகளையும் சொல்லிவிடுகிறேன், இதைப் புத்தகத்தில் போட மாட்டார்கள்.

மகளிர் உரிமைத்தொகைக்குக் குடும்ப வருமானம் வருடத்துக்கு 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், வருடத்துக்கு 3,600 யூனிட் கரண்டுக்கு மேலே ஓட்டக்கூடாது. தம்பி வீட்டு வருமானம் 2,16,000, உள்ளே வந்துவிட்டார்கள். முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டுக்கு வருட வருமான வரம்பு முன்பு 72,000, அப்புறம் 1,20,000 ஆக்கினார்கள். நேர்மையாக எழுதினால் தம்பி வீடு அதற்கு வெளியே. ரேஷனில் முன்னுரிமைக் கார்டு, முன்னுரிமை இல்லாத கார்டு, அந்தியோதயா என்று இன்னொரு பிரிப்பு. ஒரே வீடு ஒரு ஜன்னலில் ஏழை, பக்கத்து ஜன்னலில் ஏழை இல்லை.

கேட்கிறவர்களுக்கு இதை விளக்கவே எனக்கு நாள் பூராவும் ஆகும். போன மழைக்காலத்தில் ஒரு பெரியவர், பி அண்ட் சி மில்லில் வேலை பார்த்தவர், 1996-இல் மில் மூடியதிலிருந்து வாட்ச்மேன் வேலை. "அப்போ எங்க தெருவுல எல்லாரும் ஒரே மாதிரி இருந்தோம்ப்பா, யாருக்கும் பத்தாது, அதனால யாருக்கும் தெரியாது" என்றார். இப்போது அவர் மூன்று வேளை சாப்பிடுகிறார், அன்றைக்கு இரண்டு வேளைதானாம். ஆனாலும் இப்போதுதான் ஏழையாகத் தோன்றுகிறது என்றார். நான் அவருக்குப் பதில் சொல்லவில்லை. அவர் சொன்னது பொய்யில்லை, இரண்டு வேளை நன்றாக இருந்தது என்றும் அர்த்தமில்லை.

தம்பி, தங்கச்சி ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்றால், கல்லூரி சேர்ந்ததும் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. அதற்கு வருமான வரம்பு கிடையாது. பேங்க் கணக்கை அவள் பெயரில் ஆதாரோடு இணைத்து இப்போதே தயாராக வைத்துக்கொள்ளுங்கள், கடைசி நேரத்தில் வந்து நிற்காதீர்கள்.


பிராட்வே_நைட்ஷிப்ட்:

பெரம்பூர் ஐயா சொன்ன அந்தப் பெண்ணின் கதைக்கு என்னிடம் மறுப்பு இல்லை. நடைபாதையிலும் அதுதான். அந்த அம்மாவின் மூத்த மகள் சாப்பாட்டுக்கு அழுது நான் பார்த்ததில்லை. பள்ளியில் "உங்க வீடு எங்க?" என்று கேட்டதற்கு ஒரு நாள் முழுக்க அழுதாள். சரி, இரண்டையும் சேர்த்தே பார்க்கிறேன். ஆனால் காசு ஒதுக்குகிற வரிசையில் முதலில் அந்த அம்மாவுக்கு ஒரு கதவு, அதில் நான் மாற மாட்டேன்.


காசிமேடு_அக்கா:

அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை தம்பி. முதலில் அவங்களுக்கு.


வியாசை_தம்பி:

கணக்கு அண்ணனுக்கு இதையெல்லாம் அனுப்பினேன். ராத்திரி பதினொன்றரைக்கு அவரே போன் செய்தார். அவர் சின்ன வயதில் கொடுங்கையூரில் இருந்தபோது குப்பைமேட்டில் பழைய இரும்பு பொறுக்கிப் படித்தவராம், எங்களில் யாருக்கும் தெரியாது. அப்போது பசி என்றால் பசிதான், மொய்யைப் பற்றியெல்லாம் யோசிக்கவே இடம் இருந்ததில்லை என்றார். அதனால்தான் அந்த வார்த்தை வந்துவிட்டது, அந்த ஒரு வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், மற்றது அப்படியே இருக்கட்டும் என்றார். எனக்கும் அவரோடு சண்டை இல்லை.

அம்மா மொய் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். 2019 ஆவணியோடு நிற்கிறது, அதற்கப்புறம் வெள்ளைப் பக்கம். நாங்கள் எழுதாமல் விட்ட வீடுகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார், ஒன்றும் மறக்கவில்லை.

தங்கச்சியிடமும் பேசினேன். டூர் விஷயம் எனக்குத் தெரிந்துவிட்டது என்பதே அவளுக்குக் கோபம். இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை. புதுமைப்பெண் திட்டத்தைப் பற்றி மட்டும் அம்மாவிடம் கேட்டிருக்கிறாள். இசேவை அண்ணா, அந்தக் கணக்கைத் தபால் ஆபீசில் தொடங்கினால் செல்லுமா, பேங்க்தான் வேண்டுமா?